சூனியக்காரியும் உடைமையும்: அமெரிக்கப் புனைகதை, வரலாற்றெழுத்து ஆகியன குறித்த சில சிந்தனைகள்

1

அமெரிக்க இலக்கியத்திலே சூனியக்காரி பெறும் இடம் சிந்தனைக்குரியது. அந்நாட்டின் ஆங்கிலக் குடியேற்றங்களில் சூனியக் குற்றஞ்சாட்டி மக்களைத் தூக்கிலிடும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டுடன் முடிவுற்றது. ஆயின், சூனியக்காரியைப் பற்றிய கதைகளும் நாவல்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இன்றுவரை எழுதப்பட்டு வருகின்றன. இருளும் அச்சமும் மாயமும் விரவிய இந்நாவல்களுக்கு அருகருகே மற்றோர் எழுத்து மரபும் வளர்ந்துள்ளது. ஊர் வரலாறு, சமூக வரலாறு, பெண்கள் வரலாறு, பண்பாட்டு விமரிசனம் எனப் பல வடிவங்களில் அமைந்த அம்மரபு, அதே சூனியக்காரியை ஆவணங்களிலே தேடுகிறது. நாவலாசிரியர் வரலாற்றைப் படித்தார். வரலாற்றாசிரியர் நாவலாற் பாதிக்கப்பட்டார். சில வேளைகளில் ஒருவரே இரண்டையும் எழுதினார். எனினும் இலக்கிய மாணவர் நாவலையும் வரலாற்று மாணவர் ஆவணத்தையும் தனித்தனியே பயில்வதே பெருவழக்காக உள்ளது. இரண்டையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து என்ன புலப்படும் என்பதே இக்கட்டுரையின் விடயமாகும்.

தொடக்கத்திலே சொல் பற்றிய ஒரு குறிப்பு அவசியமாகின்றது. தமிழிற் 'சூனியம்', 'செய்வினை' என்பன பெரும்பாலும் ஒருவர் மற்றொருவருக்குக் கேடு விளைக்கச் செய்யும் சடங்கைக் குறிப்பன. பியூரித்தானியர் எனப்பட்ட தூய்மைவாதக் கிறித்தவரின் சட்டத்திலோ, சூனியக்காரி என்பவள் சாத்தானுடன் உடன்படிக்கை செய்துகொண்டவள். செயலினும் உடன்படிக்கையே அங்கு முதன்மை பெற்றது. நிலம் வாங்குவதும் கூலிக்கு ஆள் அமர்த்துவதும் எழுத்து உடன்படிக்கையால் நடைபெறத் தொடங்கிய ஒரு வணிக சமுதாயம், தன் பேரச்சத்தையும் உடன்படிக்கையின் வடிவிலேயே கற்பனை செய்தமை தற்செயலானதன்று.

2

1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த சேலம் கிராமத்தில், மதகுரு சாமுவேல் பரிஸின் மகளும் அவ்வீட்டில் வளர்ந்த உறவுச் சிறுமியும் காரணந் தெரியாத வலிப்புகளுக்கு உள்ளாயினர். அடுத்தடுத்துப் பலர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. மே மாதத்தில் ஆளுநர் வில்லியம் பிப்ஸ் சிறப்பு நீதிமன்றம் ஒன்றை நிறுவினார். ஒக்ரோபரில் அது கலைக்கப்படுவதற்குள் 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். நீதிமன்ற விசாரணைக்கு உட்பட மறுத்த முதிய விவசாயி ஜைல்ஸ் கோரி பாரமேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐவர் சிறையில் மாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகை ஏறத்தாழ 150 ஆகும். அங்கு எவரும் எரிக்கப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தீயிலே வேகும் சூனியக்காரி ஐரோப்பாவிலிருந்து புனைகதை இரவல் வாங்கிய படிமமாவாள்.

முதலிற் கைதுசெய்யப்பட்ட மூன்று பெண்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒருத்தி சாரா குட். அவளுடைய தந்தை வசதி படைத்த விடுதிச் சொந்தக்காரர். 1672ஆம் ஆண்டில் அவர் தற்கொலை செய்துகொண்டார். தாய் மறுமணம் புரிந்தபின் மகளுக்குரிய பங்கு கைக்கெட்டவில்லை. கிடைத்த சிறுநிலமும் இறந்துபோன முதற் கணவனின் கடனுக்கு விற்கப்பட்டது. 1692ல் அவள் இரண்டாம் கணவனோடும் குழந்தையோடும் வீடு வீடாகச் சென்று இரந்துண்டவள். இரண்டாமவள் சாரா ஒஸ்போண். கணவன் இறந்தபின் தன் வேலையாளாயிருந்த ஒருவனை மணந்து, புதல்வருக்கெனக் கணவன் விட்டுச்சென்ற நிலத்தைத் தன்வசம் வைத்திருக்க முயன்றவள். அதனால் அவ்வூரின் செல்வாக்குமிக்க பட்னம் குடும்பத்தவரோடு வழக்குப்பட்டவள். மூன்றாமவள் திற்றுபா; மதகுரு பரிஸின் வீட்டு அடிமை.

ஒருத்தி உடைமையை இழந்தவள். மற்றொருத்தி உடைமைக்காக வழக்காடியவள். மூன்றாமவள் தானே பிறரின் உடைமையானவள். நாம் நிறுவ முயல்வது இதுவே: அமெரிக்கச் சூனியக்காரியின் கதை அதன் தொடக்கத்தில் உடைமையுறவுகளின் கதையாகும். பிற்கால நாவலும் வரலாறும் இம்மூவரில் எவரை நினைவிற்கொண்டன, எவரை மறந்தன என்பதைக் கொண்டு அவ்வெழுத்துகளின் வர்க்கப் பார்வையை ஓரளவு மதிப்பிடலாம்.

அன்றைய பொது நிலைமையும் நோக்கற்பாலது. மாசச்சூசெற்ஸின் சாசனத்தை 1684ல் ஆங்கில முடியாட்சி இரத்துச்செய்தது. அதன்பின் வந்த அன்ட்றோஸ் ஆட்சி குடியேறிகளின் காணி உரிமைகளையே கேள்விக்குள்ளாக்கியது. 1689 தொடக்கம் வடகிழக்கு எல்லையிலே பிரெஞ்சுக்காரரோடும் சுதேச மக்களோடும் போர் மூண்டிருந்தது. எந்த நிலம் எவருக்கு உரியது என்பது உறுதியற்றிருந்த காலத்திலேயே அயலவரின் வலை பின்னிய குற்றச்சாட்டுகள் எழுந்தன.

3

இவ்வுண்மையை முதலிற் புனைகதையாக்கியவர் நதானியல் ஹோதோண். 1804ல் சேலம் நகரிலே பிறந்த அவர், 1692ல் சந்தேகநபர்களை விசாரித்த நீதவான் ஜோன் ஹதோணின் வழித்தோன்றல். 1835ல் வெளிவந்த 'இளைஞன் குட்மன் பிறவுண்' என்னும் சிறுகதையில் அவர் சூனியத்தை மனச்சாட்சியின் சோதனையாகக் காட்டினார். ஆனால் 1851ல் வெளியிட்ட 'ஏழு முகட்டு வீடு' என்னும் நாவலின் அடித்தளம் வேறு. அங்கே மத்தியூ மோல் என்னும் எளிய மனிதன் தன் கையாற் காடு வெட்டித் திருத்திய காணியைக் கேணல் பிஞ்சன் விரும்புகிறான். மோல் சூனியக்காரனெனத் தூக்கிலிடப்படுகிறான். காணி பிஞ்சனிடம் சேர்கிறது, வீடு எழுகிறது, இறந்தவனின் சாபமும் அதனுடன் எழுகிறது. பிஞ்சன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தேடும் மற்றொரு பொருளுமுண்டு: மெயின் பகுதியில் சுதேசத் தலைவரிடமிருந்து பெற்றதாகச் சொல்லப்படும் பெரும் நிலப்பரப்பின் உறுதி. உழைப்பாளியின் காணியும் சுதேச மக்களின் நிலமும் ஒரே வீட்டின் இரு இருள்மூலைகளாகக் காட்டப்பட்டுள்ளன. புனைகதையின் ஆற்றலுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஆயின் இந்நாவலின் முடிவை விமரிசன நோக்கில் அணுகவேண்டியுள்ளது. மோலின் வழித்தோன்றலான ஹோல்கிறேவ், இறந்தவர்களின் சொத்து உயிரோடிருப்பவரை ஆளக்கூடாது எனப் பேசும் சீர்திருத்தவாதியாக அறிமுகமாகிறான். இறுதியில் அவன் பிஞ்சன் குலப் பெண்ணை மணக்கிறான். இருவரும் இறந்துபோன நீதிபதி பிஞ்சனின் நாட்டுப்புற மாளிகைக்குக் குடிபெயர்கின்றனர். பறிக்கப்பட்ட காணிக்கு நியாயம் கிட்டவில்லை, திருமணம் கிட்டியது. வர்க்க முரண்பாட்டைத் துணிந்து முன்வைத்த நாவல், அதைக் குடும்ப இணக்கத்திலே கரைத்துவிடுகிறது. 1850களின் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் எல்லை அதுவே எனலாம்.

இக்காலத்துச் சேலத்தின் வரலாற்றாசிரியரும் குறிப்பிடத்தக்கவர். மதகுருவும் அரசியல்வாதியுமான சாள்ஸ் அப்பம், 1849ல் ஹோதோண் சுங்க அலுவலகப் பதவியை இழந்தபோது அவருக்கெதிராக முன்னின்றவர். 'ஏழு முகட்டு வீட்டின்' நயவஞ்சக நீதிபதிக்கு இவரே முன்மாதிரி என்பது பரவலான கருத்து. அதே அப்பம் 1867ல் சேலம் சூனிய வழக்குகள் பற்றி இரு தொகுதிகளில் விரிவான வரலாறொன்றை வெளியிட்டார். கிராமத்துக் காணிகளின் எல்லைகளைக் காட்டும் படமொன்றும் அதில் இடம்பெற்றது. நாவலாசிரியரும் வரலாற்றாசிரியரும் அரசியலிற் பகைவர். ஆனால் இருவருமே சூனியத்தைத் தேடிச் சென்று காணியைக் கண்டவர்கள்.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே சூனியக்காரிக்கு வேறொரு பொருள் சேர்ந்தது. பெண்ணுரிமைப் போராளியான மற்றில்டா ஜொஸ்லின் கேஜ் 1893ல் வெளியிட்ட 'பெண், திருச்சபை, அரசு' என்னும் நூலில், சூனிய வேட்டையைப் பெண்ணின் அறிவுக்கெதிரான திருச்சபையின் போராக விளக்கினார். தொண்ணூறு இலட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் எழுதினார். இத்தொகை ஆதாரமற்றது. ஐரோப்பாவிற் கொல்லப்பட்டோர் தொகை 40,000 முதல் 60,000 வரை என்பதே இன்றைய ஆய்வாளர் பெரும்பாலாரின் மதிப்பீடு. ஒடுக்கப்பட்டோரின் வரலாறு மிகைப்படுத்தலை வேண்டி நிற்பதன்று. அவ்வாறு செய்வது எதிரியின் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதாகும்.

கேஜின் மருமகன் லைமன் பிராங்க் போம். 1900ல் அவர் எழுதிய 'ஓஸ்' கதையிலே தீய சூனியக்காரியோடு நல்ல சூனியக்காரியும் தோன்றினாள். அமெரிக்கப் புனைகதையில் இது ஒரு திருப்பமாகும்; கேஜின் கருத்துகள் இதற்குத் தூண்டுதலாயிருந்திருக்கலாம் எனக் கருதுவோர் உளர். எனினும் அதே போம் 1890ஆம் ஆண்டின் இறுதியிலும் 1891ன் தொடக்கத்திலும், டக்கோட்டாவில் தாம் நடத்திய பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கங்களில், சுதேச மக்களை முற்றாக அழித்தொழிக்க வேண்டுமென எழுதினார். பெண்ணை மீட்ட கற்பனைக்கு எல்லைப்புறத்து மக்களை மீட்க இயலவில்லை. தனிமனிதரின் முரண்பாடாக மாத்திரம் இதனைக் கொள்ளலாகாது. குடியேறிகளின் முற்போக்கு, நிலம் பற்றிய வினா எழுந்தவிடத்து நின்றுவிட்டது என்பதற்கு இது சான்று.

5

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்து சூனியக்காரி சமகால வாழ்க்கைக்குள் நுழைகிறாள். பிரிற்ஸ் லைபர் 1943ல் சஞ்சிகையொன்றில் வெளியிட்டு 1953ல் நூலுருப்பெற்ற 'மந்திரக்கார மனைவி' என்னும் நாவல் ஒரு சிறிய கல்லூரியிலே நிகழ்கிறது. சமூகவியற் பேராசிரியர் நோர்மன் செயிலர், தம் மனைவி தம்மைக் காக்கச் சூனியம் செய்துவருவதைக் கண்டு, பகுத்தறிவின் பெயரால் அதை நிறுத்தச் செய்கிறார். அத்துடன் அவருடைய உத்தியோக வாழ்வு சரியத் தொடங்குகிறது. ஏனைய பேராசிரியர்களின் மனைவியரும் அதே கலையிலே தேர்ந்தவர்கள். பதவி உயர்வுக்காக வீட்டினுள்ளே ஊதியமின்றி உழைக்கும் பெண்ணின் உழைப்பையே லைபர் சூனியமாக உருவகித்துள்ளார் என நாம் வாசிக்கலாம். கணவர் அதனைக் காணவுமில்லை. அது நின்றபோது வாழவுமியலவில்லை. பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நாம் இந்நாவலைச் சிரிப்புடன் மாத்திரம் படித்து முடித்தல் இயலாது. எனினும் பெண்கள் அனைவரையும் இரகசியச் சதிகாரராகச் சித்திரிக்கும் ஆண் அச்சமும் அதிலுள்ளது.

மரியன் ஸ்டாக்கியின் 'மாசச்சூசெற்ஸில் சாத்தான்' 1949ல் வெளிவந்த மக்கள் வரலாற்று நூல். சிறுமியரின் உளநோயை அது முதன்மைப்படுத்தியது. 1953 ஜனவரியில் ஆதர் மில்லரின் 'த குறூசிபிள்' நாடகம் அரங்கேறியது. மக்கார்த்தி காலத்துக் கம்யூனிச வேட்டையை 1692இன் வழியாகக் கண்டித்த இந்நாடகத்தின் முற்போக்குப் பாத்திரம் ஐயத்துக்கிடமற்றது. அவ்வாண்டு ஜூனிலேயே ரோசன்பேக் தம்பதியர் மரண தண்டனைக்குள்ளாயினர். மில்லரும் 1956ல் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். தோழர் பெயரைக் கூற மறுத்தமைக்காக 1957ல் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1958ல் மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

ஆயினும் நாடகத்தின் உள்ளமைப்பை நாம் விமரிசனத்துக்கு உட்படுத்த வேண்டும். வரலாற்றிலே அபிகெயில் வில்லியம்ஸ் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுமி. ஜோன் புறொக்டர் அறுபது வயதை அண்மித்தவர். மில்லர் அவளது வயதைக் கூட்டி, அவரது வயதைக் குறைத்து, இருவருக்குமிடையே கள்ள உறவொன்றைப் புனைந்தார். பட்னத்தின் காணி ஆசையும் நாடகத்திற் பேசப்படுவது உண்மையே. ஆனால் மோதலின் மையத்தில் நிற்பது வேலைக்காரியாயிருந்த பெண்ணின் காமமும் காணிக்கார ஆணின் மனச்சாட்சியுமே. சாரா குட் மேடையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள். அரசின் பயங்கரத்தை அம்பலப்படுத்திய இடதுசாரி நாடகம், பழியின் சுமையை உடைமையற்ற ஒரு பெண்பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டது.

இவ்விடத்து ஷேர்லி ஜாக்சனின் எழுத்து தனித்துவம் பெறுகின்றது. புனைகதையையும் வரலாற்றையும் தாமே எழுதியவர் அவர். 1956ல் இளைஞர்களுக்கெனச் 'சேலம் கிராமத்துச் சூனியம்' என்னும் வரலாற்று நூலை வெளியிட்டார். 1962ல் 'நாம் எப்போதும் இக்கோட்டையிலே வாழ்ந்துள்ளோம்' என்னும் நாவலை வெளியிட்டார். நாவலில், ஊராரின் வழியை அடைத்து வேலியிட்ட செல்வக் குடும்பமொன்றில் எஞ்சிய இரு சகோதரியர் வாழ்கின்றனர். இளையவள் பொருள்களைப் புதைத்தும் மரத்தில் ஆணியறைந்தும் காவற் சடங்கு செய்பவள். குடும்பத்தவரை நஞ்சூட்டிக் கொன்றவளும் அவளே. தீயணைக்க வந்த ஊரார் வீட்டை அடித்து நொறுக்குகின்றனர். பின்னர் வாசலில் உணவு வைத்துச் செல்கின்றனர். இங்கே குற்றஞ்சாட்டப்பட்டவள் அப்பாவியல்லள், வெறுக்கப்படுபவள் ஏழையுமல்லள். வேலியும் வெறுப்பும் ஒன்றையொன்று வளர்க்கும் இயக்கத்தை ஜாக்சன் இரு பக்கமும் நின்று கண்டார். வரலாற்று நூலிலே பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொன்னதை நாவலிலே எளிமைப்படுத்த மறுத்தமை அவரது நேர்மையைக் காட்டுகின்றது.

6

1974ஆம் ஆண்டிலே போல் போயரும் ஸ்டீபன் நிசன்போமும் 'சேலம் பொசெஸ்ட்' என்னும் நூலை வெளியிட்டனர். 'பொசெஸ்' என்னும் ஆங்கில வினை உடைமையாகக் கொள்ளுதலையும் பேய் பிடித்தலையும் ஒருசேரக் குறிப்பது. தமிழிற் 'பற்று' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்கவல்லது: பேய் பற்றும், அதிகாரம் கைப்பற்றும், அக்கரைப்பற்று, கரைவாகுப்பற்று என நிலப்பிரிவின் பெயராகவும் அச்சொல் நம்மிடை வழங்குகிறது. அந்நூலாசிரியர்கள் வரிப்பட்டியல்களையும் மரணசாசனங்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் ஆராய்ந்து, கிராமம் இரு அணிகளாகப் பிளவுண்டிருந்ததைக் காட்டினர். நகரத்து வணிகத்தோடு தொடர்புற்றுச் செழித்த போட்டர் குடும்பத்தார் ஓரணி. பாகம் பிரிந்து பிரிந்து நிலஞ்சுருங்கிய பட்னம் குடும்பத்தார் மற்றோரணி. மதகுரு பரிஸின் சம்பளமும் விறகும் அவர் குடியிருந்த வீட்டின் உறுதியுங்கூட அப்பிளவின் களங்களாயின. வளர்ந்துவரும் வணிக முதலாளித்துவத்தின்முன் தளர்ந்த விவசாயக் குடும்பங்களின் அச்சமே சூனியக் குற்றச்சாட்டாக உருக்கொண்டது என்பது அவர்களது முடிபு.

மார்க்சிய நோக்கினர்க்கு இது உவப்பானது. ஆனால் உவப்பானது என்பதனால் ஒன்று மெய்யாகிவிடாது. குற்றஞ்சாட்டியோரின் வீடுகள் மேற்கேயும் குற்றஞ்சாட்டப்பட்டோரின் வீடுகள் கிழக்கேயும் திரண்டிருந்தன என அந்நூல் காட்டிய படத்தை, பெஞ்சமின் றே 2008ல் வெளியிட்ட ஆய்வு மறுத்தது. படத்திற் பல பெயர்கள் விடுபட்டும் இடந்தவறியும் இருந்தன என அவர் காட்டினார். அதற்கு முன்னரே, 1987ல் கரல் கால்சன், புதிய இங்கிலாந்தில் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களுள் பெரும்பகுதியினர் சகோதரரோ புதல்வரோ இன்றிச் சொத்துக்கு உரிமையுடையோராய் இருந்தோர் அல்லது அவ்வாறு ஆகக்கூடியோர் என நிறுவியிருந்தார். ஆணிலிருந்து ஆணுக்குச் செல்லவேண்டிய உடைமையின் வழியில் நின்றமையே அவர்களது குற்றம். 2002ல் மேரி பெத் நோட்டன், குற்றஞ்சாட்டியோர் பலர் மெயின் எல்லைப் போரிலே பெற்றோரையும் வீட்டையும் இழந்து வந்த அகதிகளாயும் வேலைக்காரிகளாயும் இருந்ததை எடுத்துக்காட்டினார்.

இம்மூன்று ஆய்வுகளையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நாம் கொள்ள வேண்டியதில்லை. கிராமத்துக்குள் வணிகமும் விவசாயமும், குடும்பத்துக்குள் ஆணும் பெண்ணும், எல்லையிலே குடியேறியும் சுதேசியும் என மூன்று தளங்களில் நிலவுடைமை நெருக்கடிக்குள்ளாயிற்று. பொருளியற் காரணத்தை ஒரு கிராமப் படத்தின் நடுக்கோட்டோடு ஒன்றாக்கிக் கொள்வது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதம். உற்பத்தி உறவுகள் குடும்பத்தினுள்ளும் போர்க்களத்திலும் எவ்வாறு தொழிற்பட்டன எனக் காண்பதே இயங்கியல் நோக்காகும். பெயர் தவறிய படம் வீழலாம்; காணி பற்றிய வினா வீழாது.

7

திற்றுபாவைப் பற்றி நாம் இன்னமும் பேசவில்லை. எழுத்தாளரும் அவளை மிகப் பிந்தியே பேசினர், பேசியபோதும் மாற்றிவிட்டனர். 1692இன் ஆவணங்கள் அவளை 'இந்தியன்', அதாவது சுதேச இனத்தவள் என்றே குறிக்கின்றன. 1868ல் லோங்பெலோ எழுதிய நாடகத்தில் அவள் கறுப்பினத் தந்தைக்குப் பிறந்த கலப்பினத்தவளாகிறாள். மில்லரின் நாடகத்தில் பார்படோசைச் சேர்ந்த கறுப்பு அடிமையாகிறாள். இம்மாற்றத்தைப் படிப்படியாக எடுத்துக்காட்டியவர் சட்விக் ஹான்சன். அவரது கட்டுரை 1974ல் வெளிவந்தது. சிறுமியர்க்கு அவள் மந்திரம் கற்பித்தாள் என்ற கதையும் பிற்காலத்தது. கேடு வெளியிலிருந்து, அடிமையின் வாயிலிருந்து வந்தது எனச் சொல்லின் வெள்ளைக் கிராமத்தின் பொறுப்புக் குறைந்துவிடும். புனைகதையும் வரலாறும் இங்கு ஒன்றுசேர்ந்தே பிழைத்தன.

கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் அவளை உரிமையுடன் மீட்டனர். ஆன் பெற்றி 1964ல் இளைஞர்க்கு எழுதிய நாவலில் அவள் உழைக்கும் பெண்ணாக, நூல் நூற்பவளாகத் தோன்றுகிறாள். குவாதலூப்பைச் சேர்ந்த மரீஸ் கொண்டே 1986ல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவலில், அவள் சிறையிலே ஹோதோணின் கதாநாயகி ஹெஸ்டரைச் சந்திக்கிறாள். இறுதியிற் பார்படோஸ் திரும்பி, அடிமைகளின் கிளர்ச்சியிற் பங்குகொண்டு தூக்கிலிடப்படுகிறாள். ஆவணம் இவற்றைச் சொல்லவில்லை. ஆவணம் திற்றுபாவைப் பற்றி இறுதியாகச் சொல்வது, 1693ல் சிறைச் செலவுக்காக அவள் விற்கப்பட்டாள் என்பதே. அக்காலத்தில் கைதி தன் உணவுக்கும் விலங்குக்கும் தானே பணம் செலுத்த வேண்டும். பரிஸ் அதைச் செலுத்தவில்லை. செலுத்திய ஒருவர் அவளை வாங்கிச் சென்றார். அவருடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. கொண்டேயின் கற்பனை அந்த வெற்றிடத்திலே எழுகின்றது. ஆவணத்தைத் திரிப்பது வேறு. ஆவணம் கைவிட்ட இடத்தைக் கற்பனையென வெளிப்படையாக ஒப்புக்கொண்டு நிரப்புவது வேறு.

8

1968ல் நியூயோர்க்கிலே பெண்ணியவாதிகள் சூனியக்காரியர் வேடமணிந்து, வோல் ஸ்றீற்றுக்குச் சாபமிட ஊர்வலம் சென்றனர். 1973ல் பாபரா எரென்றைக், டீர்ட்ரே இங்கிலிஷ் ஆகியோரின் சிறுநூல் சூனியக்காரியை மக்களின் மருத்துவச்சியாகக் கண்டது. 2004ல் சில்வியா பெடெறிச்சி சூனிய வேட்டையை முதலாளித்துவத்தின் ஆதித் திரட்டலோடு இணைத்தார். விவரங்களிற் கருத்து வேறுபாடு உண்டாயினும், பெண்ணின் உடலும் உழைப்பும் பற்றிய வினாவை இவ்வெழுத்துகள் மையத்துக்குக் கொணர்ந்தமை பெரும்பணியாகும்.

இதன்பின் எழுந்த நாவல்களில் அடிப்படை மாற்றமொன்று நிகழ்ந்தது. பகுத்தறிவு வரலாற்றாசிரியர், 'இப்பெண்கள் சூனியக்காரிகளல்லர்' என்றார். புதிய நாவலோ, 'ஆம், அவள் சூனியக்காரிதான். அது அவளது பெருமை' என்கிறது. ஒரு கோணத்தில் நோக்கின், நாவல் நீதிபதியின் தீர்ப்பை ஒப்புக்கொண்டு அதன் மதிப்பை மாத்திரம் தலைகீழாக்குகிறது. சாரா குட்டிடம் எவ்வித ஆற்றலும் இருக்கவில்லை. அவளிடம் இருந்தவை பசியும் கைக்குழந்தையும், சிறையிலே விலங்கிடப்பட்ட ஐந்து வயது நிரம்பாத மகளுமே. கைக்குழந்தை சிறையிலே இறந்தது. அவளுக்கு மாயசக்தி அளிக்கும் கற்பனை நம்மை ஆற்றுகின்றது. அதே வேளை அவளது ஆற்றலின்மைக்குக் காரணமானவற்றை நாம் மறக்கவும் செய்கின்றது.

ஆன் றைஸ் 1990ல் வெளியிட்ட 'சூனிய வேளை' இவ்வகையில் மிகுந்த கவனத்துக்குரியது. மேபெயர் என்னும் சூனியக்காரக் குலத்தின் கதை ஸ்கொத்லாந்தின் சிற்றூரிற் குணமாக்கும் பெண்ணொருத்தியோடு தொடங்கி, கரிபியத் தீவின் அடிமைத் தோட்டம் வழியாக நியூ ஓர்லியன்சை அடைகிறது. தலைமுறைதோறும் ஒரு பெண்ணிடம் கைமாறும் பெரும் மரபுச் சொத்தும், அதைப் பெருக்கும் ஆவியும் இக்கதையின் நடுநாயகம். 1692ல் உடைமையாற் கொல்லப்பட்டவள், 1990ல் உடைமையின் அரசியாகிவிட்டாள். செல்வத்தின் தோற்றுவாய் அடிமைத் தோட்டம் என்பதை றைஸ் மறைக்கவில்லை; செல்வத்தைப் பேயோடு பிணைத்தமையும் அவரது உண்மையுணர்வைக் காட்டும். ஆயின் தோட்டத்திலே உழைத்தோரின் குரலன்றி, மாளிகையின் மயக்கமே வாசகனைக் கவர்கிறது.

இதற்கு மாறானவையும் உள. கிறெகரி மக்வயர் 1995ல் எழுதிய 'விக்கட்', போமின் தீய சூனியக்காரியை ஒடுக்குமுறை அரசின் எதிரியாக்கி, தீயவள் என்னும் பட்டம் அரசு சூட்டுவது எனக் காட்டிற்று. அலிக்ஸ் ஹறோ 2020ல் எழுதிய நாவலில் மூன்று சகோதரியர் 1893ஆம் ஆண்டின் வாக்குரிமை இயக்கத்தோடு சூனியத்தை இணைக்கின்றனர். அவர்களுள் ஒருத்தி பஞ்சாலைத் தொழிலாளி. சூனியம் இங்கே குலச்சொத்தன்று; பாட்டிமாரின் பாடல்களிலும் விடுகதைகளிலும் மறைந்து, பலர் கூடும்போது வலுப்பெறும் பொது அறிவு. மாயசக்தி தனியுடைமையா, பொதுவுடைமையா என்பதே இக்கால நாவல்களைப் பிரித்தறிவதற்குரிய உரைகல் எனக் கூறலாம்.

9

இறுதியாகச் சேலம் நகருக்கே திரும்புவோம். அங்கு நோம்கியாக் பருத்தி ஆலை 1839ல் தோன்றியது. 1933ல் அதன் தொழிலாளர் வேலைப் பளு அதிகரிப்புக்கெதிராக வேலைநிறுத்தம் செய்தனர். 1953ல், மில்லரின் நாடகம் அரங்கேறிய அதே ஆண்டில், ஆலை சேலத்திலே தன் உற்பத்தியை நிறுத்தியது. 1970ல் தொலைக்காட்சிச் சூனியக்காரித் தொடரொன்று அங்கு படமாக்கப்பட்டது. 2005ல் அத்தொடரின் நாயகிக்குச் சிலை எழுந்தது. காவற்றுறையின் சின்னத்திலும் சூனியக்காரி துடைப்பத்திற் பறக்கிறாள். அண்மை ஆண்டுகளில் ஒக்ரோபர் மாதத்தில் மாத்திரம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருகின்றனர். கொலைக்களமாகிய சிறுகுன்றுச் சரிவு 2016ல் உறுதிசெய்யப்பட்டது; அது மருந்துக்கடையொன்றின் பின்புறத்தே, குடியிருப்புகளின் நடுவே கிடந்தது. அடுத்த ஆண்டு அங்கு நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டது. ஆலை உற்பத்தி செய்த துணிக்குப் பதிலாக இன்று அந்நகர் உற்பத்தி செய்யும் பண்டம் சூனியக்காரியே.

குற்றநீக்கமும் நிகழ்ந்துள்ளது. தண்டிக்கப்பட்டோருள் எஞ்சியிருந்த எலிசபெத் ஜோன்சனின் பெயர் 2022ல், பாடசாலை மாணவர்களின் முயற்சியால், சட்டப்படி தூய்மையாக்கப்பட்டது. வரவேற்கத்தக்க செயலே. ஆனால் முதலாவது குற்றநீக்கத்தின் கணக்கேடு நம்மை இன்னும் சிந்திக்கச் செய்கிறது. 1711ல் மாசச்சூசெற்ஸ் அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 578 பவுண் 12 சிலிங் இழப்பீடு வழங்கியது. தொகை பெரும்பாலும் குடும்பத்தின் நிலைக்கும் இழந்த சொத்துக்கும் ஏற்ப அமைந்தது. புறொக்டர் குடும்பத்துக்கு 150 பவுண் கிடைத்தது. சாரா குட்டுக்காக 30 பவுண் வழங்கப்பட்டது. அதைப் பெற்றவன், விசாரணையில் அவளுக்கு எதிராகப் பேசிய அவள் கணவன். திற்றுபாவின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அவளுக்கு இழப்பதற்குச் சொத்து இருக்கவில்லை, அவள்தான் சொத்து.

நாவல் அவளுக்குச் சிறகு கொடுக்கலாம். வரலாறு அவளுக்கு ஆவணம் தேடலாம். இரண்டும் தத்தம் வழியிலே தேவையானவை. ஆனால் இழந்தவள், வழக்காடியவள், உடைமையாக்கப்பட்டவள் என்ற மூவரையும் ஒருங்கே நினைவிற்கொள்ளாத எழுத்து, எவ்வளவு அழகுடையதாயினும், 1711இன் கணக்கேட்டையே வேறு மையினால் மீண்டும் எழுதுவதாகும். இலக்கிய வரலாற்று மாணவர் என்ற முறையில் அக்கணக்கைத் திருத்துவதே நமது கடன்.